ஆங்கிலத்தின் 'ங்க' எங்கே இருக்கிறது?

1963-ஆம் ஆண்டுக் கோடையில் டெல்லி நாடாளுமன்றத்தில் ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லை வைத்துப் பெரிய வாதம் நடந்தது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு மத்திய அரசின் அலுவல்களில் ஆங்கிலம் நீடிக்கும் என்று அதன் 343-ஆவது பிரிவு சொல்லியிருந்தது. அந்தக் கெடு 1965 ஜனவரி 26-இல் முடிய இருந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்வதற்காக உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார். இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது மசோதா. அந்த 'லாம்' வருகிற இடத்தில் ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'மே'. அதை 'ஷல்' என்று மாற்றச் சொன்னார்கள் தி.மு.க.வினர். 'லாம்' என்று எழுதினால் ஒருநாள் இல்லாமலும் போகலாம், 'வேண்டும்' என்று எழுதினால்தான் பிடிமானம் என்பது அவர்கள் கட்சி. இந்த இடத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்றார் பிரதமர் நேரு. சட்டம் 'மே'யோடு நிறைவேறியது.

1965 ஜனவரியில் தமிழகம் கொந்தளித்ததற்கு அந்த ஒரு சொல் மட்டும் காரணமில்லை. ஆனால் மாணவர்கள் தெருவில் இறங்கி, மத்திய அமைச்சர்களான சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, பிப்ரவரியில் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி தந்த அந்த நாட்களில், அடியில் ஓடிய கேள்வி அதுதான்: ஆங்கிலம் இருக்கலாமா, இருந்தே ஆக வேண்டுமா? 1967-இல் வந்த திருத்தம் அதற்குப் பதில் சொன்னது. பொது விதியில் 'மே' அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு கடிதப் போக்குவரத்து நடத்த ஆங்கிலத்தையே பயன்படுத்த வேண்டும் என்ற இடத்தில் 'ஷல்' வந்து உட்கார்ந்தது.

ஒரு துணைவினைக்குள் எவ்வளவு அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று இவ்வளவு கூர்மையாகக் கேட்ட மாநிலம் இது. இங்கே இன்று பள்ளிக்கூடத்தில் அதே சொற்கள் எப்படிக் கற்றுத் தரப்படுகின்றன என்று பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சுகிறது.

ஆசிரியர்கள் 'மோடல்' என்று சொல்லும் இந்தத் துணைவினைகளில் முக்கியமானவை ஒன்பது: கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஆங்கிலம் பேசுகிறவர்களால் இவை இல்லாமல் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. வகுப்பில் இவை ஒரு பட்டியலாக வருகின்றன. கேன் என்றால் முடியும். மே என்றால் லாம். மஸ்ட் என்றால் வேண்டும், ஷுட் என்றாலும் வேண்டும். குட் என்பது கேனின் இறந்தகாலம், வுட் என்பது வில்லின் இறந்தகாலம். படர்க்கை ஒருமையிலும் 'எஸ்' சேராது, அடுத்து வரும் வினைக்கு முன் 'டு' வராது. அப்புறம் கோடிட்ட இடங்களை நிரப்புக. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அனுமதி', 'ஆற்றல்', 'கடமை' என்று துப்பும் இருக்கும். பையன் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான்.

அதே பையன் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காக வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'சார், யூ மஸ்ட் சென்ட் த லெட்டர் பிஃபோர் ஃப்ரைடே.' இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பட்டியல்படி மஸ்ட் என்றால் வேண்டும். அவன் மனதில் ஓடிய தமிழ் வாக்கியமும் பணிவானதுதான்: "சார், நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் கடிதத்தை அனுப்பிடணுங்க." படிக்கிற பேராசிரியருக்கோ யாரோ ஒரு முன்பின் தெரியாத இளைஞன் தனக்கு உத்தரவு போடுவதாகப் படுகிறது. பதில் வராமல் போனால் ஏன் வரவில்லை என்று அந்தப் பையனுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது? 'நீ'க்குப் பதில் 'நீங்கள்' என்பதில் இருக்கிறது. 'வா' என்பதற்குப் பதில் 'வாங்க' என்பதில் இருக்கிறது. 'ஐயா', 'சார்', 'அண்ணே', 'அக்கா' என்ற விளியிலும், நடுவில் போடும் 'கொஞ்சம்' என்பதிலும் இருக்கிறது. வினைமுற்றின் வாலில் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் கட்டளைகூடக் கோரிக்கையாகிவிடும். அதனால்தான் 'வேண்டும்' என்ற கனமான சொல்லை நாம் பெரியவர்களிடம் தயங்காமல் சொல்கிறோம். கனத்தை 'ங்க' தாங்கிக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. ஒரு காலத்தில் அங்கேயும் 'தௌ' என்று ஒருமையும் 'யூ' என்று மரியாதைப் பன்மையும் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' மெல்ல மறைந்து, பிரார்த்தனையிலும் கவிதையிலும் சில வட்டார வழக்குகளிலும் மட்டும் தங்கியது. இன்று ராணிக்கும் 'யூ'தான், நாய்க்குட்டிக்கும் 'யூ'தான். வினைச்சொல்லிலும் வித்தியாசம் இல்லை. அப்படியானால் பெரியவரிடம் பேசும்போது ஏற்படும் அந்த ஒதுங்கலை எதில் காட்டுவது? அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி மோடல்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. 'குட் யூ', 'வுட் யூ', 'மைட் ஐ' என்பவைதாம் ஆங்கிலத்தின் 'ங்க'. 'குட் என்பது கேனின் இறந்தகாலம்' என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தோம், ஆனால் அதன் 'நீங்க'ளைக் கொடுக்க மறந்துவிட்டோம்.

இறந்தகால வடிவம் எப்படிப் பணிவைக் காட்டுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் அதற்கான விளக்கம் தமிழிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போய் உதவி கேட்கிற மனிதர் வாசலில் நின்று என்ன சொல்கிறார்? "ஒரு உதவி கேட்கலாம்னு வந்தேன்." "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமேன்னு நினைச்சேன்." இப்போதுதான் கேட்கிறார், ஆனால் நினைத்தது ஏற்கெனவே முடிந்துபோன மாதிரி பேசுகிறார். மறுக்க விரும்பினால் எதிரில் இருப்பவருக்கு இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் வேண்டுகோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறார். 'குட் யூ ஹெல்ப் மீ' என்பதில் நடப்பதும் இதேதான். இதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். ஒருமுறை புரிந்துவிட்டால் பிள்ளைக்கு மறக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. கனமான சொல் எப்போதும் முரட்டுச் சொல் அல்ல. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1972-இல் வெளியான கட்டுரை ஒன்றில் விருந்தளிக்கும் பெண்மணி ஒருவரை உதாரணமாக்கினார். விருந்தினரிடம் கேக்கை நீட்டி 'யூ மஸ்ட் ஹேவ் சம்' என்றால் அது அன்பு. 'யூ ஷுட்' என்றால் உபசாரம் ஒரு படி இறங்குகிறது. 'யூ மே' என்றால் ஏதோ பெரிய மனது பண்ணி அனுமதி கொடுப்பது போலாகிவிடுகிறது. பட்டியல்படி மஸ்ட் கட்டாயம், மே மென்மை. மேசையருகே எல்லாம் தலைகீழ். காரணம் எளிது. செய்யப்போகிற காரியம் கேட்பவருக்கு நன்மை தருவது என்றால் வற்புறுத்துவதுதான் மரியாதை.

இதைத் தமிழனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று வாசலை மறித்து நிற்பவர் நம் வீட்டுப் பெரியவர். "வேணும்னா சாப்பிடலாம்" என்று ஒருவர் சொன்னால் அந்த வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்துவிடுவோம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது "நீங்க வரலாம்" என்று யாராவது சொல்வார்களா? "குடும்பத்தோட கண்டிப்பா வந்துடணும்" என்றுதானே சொல்கிறோம். ஆக, இந்த நுட்பம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பறை அதைத் தட்டி எழுப்புவதில்லை. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லை ஆணியடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அந்த ஆணி எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரே வாக்கியத்தில் காணலாம். "டிரைவர் பிரேக் போட்டிருக்கணும்." ஒரு சாலை விபத்தைப் பற்றி யாரோ இப்படிச் சொல்கிறார். டயர் தேய்ந்த தடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னால், அவர் பிரேக் போட்டார் என்பது ஊகம். ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ்'. இடித்த வேகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னால், போட வேண்டியவர் போடவில்லை என்பது குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ்'. தமிழில் வாக்கியம் ஒன்று, பொருள் நேர் எதிர். பேச்சில் குரலும் சூழலும் காப்பாற்றிவிடும். எழுத்தில் அப்படியில்லை. சாட்சியின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுகிறவருக்கு மஸ்டும் ஷுடும் 'வேண்டும்'தான் என்று பள்ளியில் பதிந்திருந்தால், பிரேக் போட்ட ஓட்டுநர் போடாதவராகிவிடுவார்.

'லாம்' இதைவிட வழுக்கும். "ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்று அம்மா மகனிடம் சொன்னால் அது வருத்தம், அவன் போன் செய்யவில்லை. "நாம தூங்கிட்டு இருந்தப்ப போன் பண்ணியிருக்கலாம்" என்று அப்பா சமாதானம் சொன்னால் அது ஊகம், அவன் செய்திருக்கவும் கூடும். முதலாவது 'குட் ஹேவ்', இரண்டாவது 'மே ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ்'. நடந்ததா, நடக்கவில்லையா, தெரியவில்லையா என்ற மூன்றையும் ஆங்கிலம் இந்தச் சின்னச் சொற்களைக் கொண்டுதான் பிரிக்கிறது. செய்தித்தாள்களிலும் காவல்துறை அறிக்கைகளிலும் அலுவலகக் குறிப்புகளிலும் தினமும் வருகிற இந்த வடிவங்களுக்குப் பாடத்தில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

எதிர்மறைக்கு வந்தால் 'வேண்டாம்' நிற்கிறது. "நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று மேலாளர் சொன்னால், வரத் தேவையில்லை, விருப்பமிருந்தால் வாருங்கள் என்கிறாரா? வரக் கூடாது என்கிறாரா? முன்னதற்கு ஆங்கிலம் 'டோன்ட் ஹேவ் டு' என்றும் பின்னதற்கு 'மஸ்ட் நாட்' என்றும் சொல்லும். நேர்மறையில் 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 'நாட்' சேர்ந்ததும் ஒன்று கிழக்கே போகிறது, மற்றொன்று மேற்கே போகிறது. இதைத் தெளிவாக்கத் தமிழில் 'கூடாது', 'வேண்டியதில்லை' என்ற இரண்டு சொற்கள் கைவசம் இருக்கின்றன. மருத்துவமனையில் நோயாளிக்கான குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும் செவிலியர், அந்த மாத்திரையை உணவுக்கு முன் போடக் கூடாதா, போட வேண்டியதில்லையா என்று முதலில் தமிழில் பிரித்துக்கொண்டால் போதும். ஆங்கிலம் தானாகச் சரியாக வரும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்திய அலுவலக ஆங்கிலத்தில் 'வில்' இருக்க வேண்டிய இடத்தில் 'வுட்' புகுந்துகொள்கிறது. 'வி வுட் பி கண்டக்டிங் எ மீட்டிங் ஆன் மண்டே.' கேட்பதற்கு மிடுக்காக இருக்கிறது. நமக்குள் யாருக்கும் குழப்பமும் இல்லை. இந்தியாவுக்குள் இதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பதில் அர்த்தமும் இல்லை. ஆனால் லண்டனிலோ டொரண்டோவிலோ இருப்பவர் காதில் அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது. 'நடத்துவோம்தான், ஆனால்...' என்று ஒரு தடையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். கூட்டம் உண்டா இல்லையா என்று திரும்ப ஒரு மின்னஞ்சல் வரும். அதேபோல 'ஐ குட் கெட் த டிக்கெட்' என்று நேற்று டிக்கெட் கிடைத்துவிட்டதைச் சொன்னால், கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை நடந்தே முடிந்ததைச் சொல்ல அங்கே 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். இரண்டையும் கலந்த 'கேன் ஏபிள் டு' நம் ஊர் நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி காதில் விழுவது.

பணிவும் தெளிவும் ஒருபுறம். காசும் சட்டமும் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தச் சொற்கள் இன்னும் கடுமையானவை. வீட்டுக்கடனுக்காக ஒரு குடும்பம் வங்கியில் கையெழுத்துப் போடுகிறது. ஒப்பந்தம் பல பக்கம் ஓடுகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படிக்க நேரமில்லாதவர்கள் 'ஷல்', 'மே' என்ற இரண்டு சொற்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனால்கூட நிறையப் புரியும். கடன் வாங்குபவர் என்று தொடங்கும் வாக்கியங்களில் 'ஷல்' வரும்: செலுத்த வேண்டும், தெரிவிக்க வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். வங்கி என்று தொடங்கும் வாக்கியங்களில் 'மே' வரும்: வட்டியை மாற்றலாம், கூடுதல் ஈடு கேட்கலாம், முழுத் தொகையையும் உடனே கேட்கலாம். யாருக்குக் கடமை, யாருக்கு விருப்பம் என்ற முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. இந்த 'மே'யைப் பள்ளியில் 'அனுமதி கேட்பது' என்று மட்டும் படித்தவர், வங்கி நம்மிடம் அனுமதி கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. இங்கே அது அனுமதி அல்ல, அதிகாரம்.

சட்டம் எழுதுகிறவர்களே இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டித்தான் வருகிறார்கள். 'மே' என்று எழுதியிருந்தாலும் சூழலைப் பார்த்து 'ஷல்' என்று பொருள் கொள்ளலாம் என்று இந்திய நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. மறுதிசையிலும் நடந்திருக்கிறது. ஆக நேரு சொன்னது ஆதாரமற்ற வாதம் அல்ல. ஆனால் பொருளைப் பிற்காலத்து நீதிபதியிடம் விடாமல் இப்போதே எழுதிவிடச் சொன்னவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் 1995-இல் எழுதிய தீர்ப்பொன்றில், சட்டம் எழுதுகிறவர்கள் 'ஷல்' என்பதைச் சில சமயம் 'மே' என்ற பொருளில்கூடத் தவறாகப் போட்டுவிடுகிறார்கள் என்று குறிப்பிட்டார். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டப் பல நாடுகள் 'ஷல்'லைக் கைவிட்டன. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் 'மஸ்ட்' என்று எழுதுகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007-இல் 'ஷல்' இல்லாமல் திருத்தி எழுதப்பட்டன. அதில் 56-ஆவது விதியில் மட்டும் பொருள் தளர்ந்துபோனதாகப் பட்டதால் 2010-இல் அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிரிட்டனின் சாலை விதிக் கையேடு இதை அழகாகத் தீர்த்து வைத்திருக்கிறது. 1931-இலிருந்து வெளிவரும் நூல் அது. இப்போதைய பதிப்பில் 'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்றிருந்தால் அறிவுரை. அதை மீறியதற்காக மட்டும் வழக்கு வராது, ஆனால் விபத்து வழக்கு வந்தால் அதைச் சாட்சியமாக வைக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கிற சாதாரண மனிதருக்கு இரண்டு சொற்களின் எடையும் இப்படிக் கையில் வைத்துக் காட்டப்படுகிறது.

கணினித் துறையும் அப்படியே. இணையத்தின் விதிமுறைகளை எழுதும்போது மஸ்ட், ஷல், ஷுட், மே என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று வரையறுத்து 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் ஒரு சிறு ஆவணம் எழுதினார். ஆர்.எஃப்.சி. 2119 என்பது அதன் பெயர். 'ஷுட்' என்றால் பின்பற்றாமல் விடுவதற்குத் தக்க காரணம் இருக்கக்கூடும், ஆனால் விளைவை முழுக்க எடைபோட்ட பிறகே விட வேண்டும் என்கிறது அது. சென்னையிலும் கோவையிலும் மென்பொருள் எழுதும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வேறுபாட்டை வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்கிறார்கள். பதினைந்து வயதில் கற்றிருக்க வேண்டியது.

இத்தனைக்கும் இந்தச் சொற்களின் பூர்விகத்தைப் பார்த்தால் அவை தமிழுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. பழைய ஆங்கிலத்தில் 'கேன்' என்பதன் மூலப்பொருள் 'அறிதல்'. 'வில்' என்றால் 'விரும்புதல்'. 'ஷல்' என்றால் 'கடன்படுதல்'. நாம் இன்றும் "எனக்கு நீந்தத் தெரியும்" என்றுதான் சொல்கிறோம். அதை ஆங்கிலத்தில் சொல்ல 'கேன்'தான் வேண்டும். "தெரியும், ஆனா இன்னைக்கு முடியாது, காய்ச்சல்" என்று திறமையையும் இயலுமையையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுகிற மொழி நம்முடையது. வகுப்பில் 'கேன் என்றால் முடியும்' என்று மட்டும் எழுதிப்போடும்போது அந்தத் 'தெரியும்' காணாமல் போகிறது.

கற்றுத்தரும் சொற்களிலும் தூசி தட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்ற விதியை 1653-இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூல் சொன்னது. ஆங்கில நடை பற்றி நூல் எழுதிய ஃபௌலர் சகோதரர்கள் 1906-இல் இதற்காக ஏறத்தாழ 20 பக்கம் செலவழித்துவிட்டு, தென் இங்கிலாந்தில் பிறக்காதவர்களுக்கு இது வசப்படுவது கடினம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இன்னும் 'ஐ ஷல், வி ஷல்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1961-இன் எழுத்தையும் 1990-களின் தொடக்கத்து எழுத்தையும் பெரிய உரைத்தொகுப்புகள் வழியே ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வு, மோடல்களின் பயன்பாடு மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதைக் காட்டியது. 'ஷல்', 'மஸ்ட்', 'மே' ஆகியவற்றின் சரிவு கணிசமானது. 'நீட் டு' போன்ற மென்மையான தொடர்கள் வளர்ந்திருக்கின்றன. மஸ்ட் என்று நேரடியாகச் சொல்வதைவிட 'யூ நீட் டு' என்று சொன்னால் அதிகாரம் சற்றுக் குறைந்து, உங்கள் நன்மைக்கே என்ற தொனி வருகிறது. ஆங்கிலம் பேசுவோரின் உறவுமுறை மாறியிருக்கிறது. பாடப் பட்டியல் மாறவில்லை.

இதற்கெல்லாம் அரசுப் பள்ளி ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமாகாது. நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், தேர்வில் கோடிட்ட இடம். கோடிட்ட இடத்துக்கு எது விடையாகுமோ அதைத்தான் அவர் கற்றுத்தர முடியும். ஆகவே மாற்றம் வினாத்தாளில் தொடங்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் துப்பு கொடுக்கும் கேள்விகளில் பாதியையாவது எடுத்துவிட்டு, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற சூழலைக் கொடுத்துக் கேட்கலாம். ஒரு மிதிவண்டியை ஒரு மணி நேரம் இரவல் கேட்க வேண்டும்: தம்பியிடம் எப்படி, தலைமை ஆசிரியரிடம் எப்படி, முதல்முறை சந்திக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படி? விடை மூன்றும் வேறுவேறாக இருந்தால்தான் மதிப்பெண். "பேருந்து போய்விட்டிருக்கணும்" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, நிறுத்தத்தில் யாருமே இல்லாததைப் பார்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் எப்படி, ஒரு மணி நேரமாகக் கிளம்பாமல் நிற்கும் பேருந்தைப் பார்த்துச் சொன்னால் எப்படி என்று கேட்கலாம்.

2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. அங்கே வருகிறவர்கள் வேலையை நோக்கி நிற்கும் இளைஞர்கள். அவர்களுக்கு மின்னஞ்சலும் ஒப்பந்தமும் நாளைக்கே தேவை. பயிற்சியின் முதல் வாரத்திலேயே வங்கிக் கடன் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தையும், பணி நியமனக் கடிதம் ஒன்றையும், 'மே கன்டெய்ன் நட்ஸ்' என்று அச்சிட்ட பிஸ்கட் உறையையும் மேசையில் வைத்துவிடலாம். நியமனக் கடிதத்தில் ஊழியருக்கு எத்தனை 'ஷல்', நிறுவனத்துக்கு எத்தனை 'மே' என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். அதில் எந்த 'மே' தன்னை வேறு ஊருக்கு மாற்றக்கூடியது, எது தகுதிகாண் காலத்தை நீட்டிக்கக்கூடியது என்று அடிக்கோடு போடட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்த வரியைப் பற்றிக் கேள்வி கேட்பது, அதை 'குட் யூ' என்று தொடங்கி எப்படி எழுதுவது என்பது அடுத்த பயிற்சி.